எடை குறைந்த நண்டுகள்

கூடையைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுச் சின்னவன் கடலைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டான். அண்ணியின் முகத்தைப் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. நண்டை எடை போட்டு வாங்குவதால் ஊருக்கே தராசக்காவாகிவிட்ட அண்ணி, மேலே கிடந்த ஈரச் சாக்கை விலக்கினாள். உள்ளே கொடுக்குக் கட்டிய ஆறு நண்டுகள். ஆறும் பெட்டை. ஆறின் அடிவயிற்றிலும் மடல் மூட முடியாமல் முட்டைக்கொத்து பிதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டின் முட்டை நல்ல மஞ்சள். மற்ற நான்கும் மண் நிறத்தைத் தாண்டிக் கறுக்கத் தொடங்கியவை.

கொட்டகையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நண்டு வேகவைக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சும் நின்றது. சினை நண்டை எடை போடுவதில்லை என்று போன வருஷம் இதே கொட்டகையில் கூடி முடிவெடுத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். அன்றைக்கு முதலில் வாயைத் திறந்தது தராசக்கா. உள்ளங்கை கொள்ளாமல் இருந்த நண்டெல்லாம் வருஷத்துக்கு வருஷம் சிறுத்து உள்ளங்கைக்குள் அடங்கத் தொடங்கியிருந்த சமயம் அது. "வயித்துல இருக்கிறதையும் வித்துட்டா அடுத்த வருஷம் தட்டுல எதை வைக்கிறது, என் தலையையா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு எத்தனையோ பேரின் கூடையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சொந்த வீட்டுக் கூடை தட்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை.

"தம்பி, இதை எடை போட முடியாதுப்பா."

"தெரியும் அண்ணி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு."

"அவரு வலையை யாரும் அறுத்துட்டுப் போகலையே."

அது உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் கரைக்குப் பக்கத்தில் வரக்கூடாத இடத்துக்கு வந்த இழுவைப் படகு ஒன்று அவன் போட்டிருந்த வலையை அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சிய துண்டுகளைக் கோர்க்க அவனோடு உட்கார்ந்து விரலைப் புண்ணாக்கிக்கொண்டவளும் தராசக்காதான். யாராவது ஒருத்தி, 'விடுக்கா, வீட்டுப் பிள்ளைதானே' என்று சொல்லியிருந்தால் அவள்மேல் எரிந்து விழுந்திருக்கலாம். தராசக்காவின் கை எடைக்கல்வரை போனது, அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு கூடையைத் தூக்கிக் கீழே வைத்தது.

"கடலையே வழிச்சுட்டுப் போறான் பாருங்க, அவன்கிட்டப் போய்ப் பேசுங்க உங்க சட்டத்தை," என்றான் சின்னவன். "இளைச்சவன் நான்தானே கிடைச்சேன்." கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்றைக்கு, அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகக் குடியிருக்கும் வீட்டின் நடுக்கதவு சாத்தியே கிடந்தது. தராசக்காவின் புருஷன், "தம்பியும் வேணும், நீயும் வேணும். என்னை மட்டும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதே," என்று சொல்லிவிட்டு, போன வாரம்தான் அடித்து முடித்த படகுக்கு மறுபடி வண்ணம் அடிக்கப் போய்விட்டார். இளைச்சவன் நான்தானே கிடைச்சேன் என்றானே, அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாக நின்றது.

கூடையை என்ன செய்வது என்றும் விளங்கவில்லை. கடலில் விட அவை அவளுடைய நண்டுகள் இல்லை. சாகவிடவும் மனசு வரவில்லை. கொட்டகையில் இருந்த நீலப் பீப்பாயைக் கழுவி, கடல் தண்ணீர் நிரப்பி, ஆறையும் அதில் இறக்கினாள். கோபம் தணிந்ததும் அவன் வந்து கேட்டால் உயிரோடு கொடுக்கலாம், அவ்வளவுதான் அவள் எண்ணம். சாயங்காலம் சின்னவன் பெண்டாட்டி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். தூண்டில் இறாலை உயிரோடு வைக்க அவன் படகில் வைத்திருக்கும் பேட்டரி காற்றுக்குழாய்.

"காத்து இல்லாம செத்துரும்க்கா. நான் எடுத்துட்டு வந்தது அவருக்குத் தெரிய வேணாம்."

"படகுல காணோம்னு தேட மாட்டானா?"

"தேடட்டும். அவருக்கு எது எங்க இருக்குன்னு எப்பத்தான் தெரிஞ்சிருக்கு?"

இரண்டு பேரும் நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றினார்கள். நான்காம் நாள் விடிந்து கொட்டகையைத் திறந்த தராசக்கா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. போச்சு, செத்து அழுகிவிட்டது என்றே நினைத்தாள். கையை விட்டு ஒன்றைத் தூக்கினாள். கால்கள் விடைத்து உதறின. அடிவயிறு துடைத்துவிட்டதுபோல் சுத்தம். அடுத்ததும் அப்படித்தான். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தூசு. தூசு தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் கொட்டகை முழுக்கக் கூடிவிட்டது. நண்டுகள் உயிரோடு இருப்பதாகப் பெண்டாட்டி சொல்ல, அவற்றை வாங்கிப் போகக் கோணிப்பையோடு வந்த சின்னவனும் பீப்பாய் விளிம்பில் குனிந்தபடியே நின்றான்.

"இது எல்லாம் அதோட குட்டியா?"

"நாலு பெத்துருச்சு. மஞ்சள் ரெண்டுக்கும் இன்னும் நாள் ஆகும். இந்த நாலையும் இப்ப தட்டுல வை, தம்பி. தாராளமா எடை போடுறேன்."

அவன் வைத்தான். தராசு முள்ளைப் பார்த்து முகம் சுளித்தான். "குறையுதே அண்ணி."

"பிள்ளை பெத்தவ எடை குறையாம என்ன பண்ணுவா?"

முதலில் ஐஸ் உடைப்பவள்தான் வெடித்துச் சிரித்தாள். பிறகு அவனுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் ஐஸ் உடைப்பவளே, "அப்ப சினை நண்டோட வர்றவங்க யாரும் திரும்பிப் போக வேணாமேக்கா. இங்க விட்டுட்டுப் போனா, பெத்ததும் வந்து தாயை வாங்கிட்டுப் போகலாமே?" என்றாள். அடுத்த பீப்பாய்க்கு எங்கே போவது என்ற பேச்சு உடனே ஆரம்பித்துவிட்டது.

தராசக்கா அவனைத் தனியாக ஒதுக்கினாள். "அன்னைக்கு இழுவைப் படகுக்காரனைப் பத்தி நீ சொன்னதுல தப்பு இல்ல. திங்கக்கிழமை மீன்வளத்துறை ஆபீசுக்கு நாங்க எல்லாரும் வர்றோம். அறுந்த வலையை எடுத்துட்டு நீ முன்னால நட."

"கேப்பாங்களா அண்ணி?"

"கேக்குற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். வலை கோர்க்கிறவங்களுக்கு உட்காரத் தெரியாதா?"

அவன் மஞ்சள் இரண்டையும் வாளிக்கு மாற்றிவிட்டு, பீப்பாயின் அந்தப் பக்கத்தைப் பிடித்தான். இருவருமாகத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். குட்டிகளை விடத் தோதாகக் கடல்புல் அடர்ந்திருக்கும் இடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

"இதுல எத்தனை பிழைக்கும்?" என்று படகிலிருந்து கேட்டான்.

"யாருக்குத் தெரியும்? நீ கொட்டாதே. மெதுவா சாய்ச்சு விடு."

அவள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தாள். புல்வெளிக்கு மேலே படகு நின்றது. பீப்பாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. வெகு நேரம் ஆகியும் மோட்டார் சத்தம் வரவில்லை. வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். குட்டிகள் அடிபடாதபடி மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டு, அவன் துடுப்பைக்கூட நனைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீரோட்டம் படகைத் தன் போக்கில் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது.