மலைக்குப் போன குளிசை

வன்னியை விட்டு வரும்போது பேரின்பநாயகம் தனக்கே தெரியாமல் மலேரியாவையும் இரத்தத்தில் கொண்டுவந்திருந்தார். இத்தாலியில், பலெர்மோவில் மனைவி குகனேஸ்வரியிடம் வந்து சேர்ந்த சில கிழமைகளில் அது ஒன்றுவிட்டொரு நாள் உடம்பை நடுக்கும் குலைப்பன் காய்ச்சலாக வெளிப்பட்டது. ஆசுப்பத்திரியில் இரத்தம் பார்த்துக் குளிசை கொடுத்தார்கள். முதல் குளிசையின் கைப்பிலேயே குடல் வெளியே வருமாப்போல் வாந்தியெடுத்தார் மனிதர்.

மறுநாள், சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பேதமில்லாமல் பலெர்மோத் தமிழர் எல்லாரும் நேர்த்தி வைத்து ஏறும் பெல்லெக்ரீனோ மலைக்குப் போனார். ரொசாலியா மாதாவின் குகையில் கும்பிட்டார். அன்று முழுக்கக் காய்ச்சல் இல்லை. மாதா சுகமாக்கிவிட்டா, இனிக் குளிசை எதற்கு என்றார்.

அடுத்த நாள் காய்ச்சல் நடுக்கத்தில் பல் கிட்டியது. அதற்கும் ஆளிடம் பதில் இருந்தது. இறங்கி வரும்போது வுச்சீரியாச் சந்தையில் மாட்டு மண்ணீரல் வைத்த பாண் சாப்பிட்டாராம், நேர்த்தி தீட்டுப்பட்டுவிட்டதாம். நடுங்கி ஓய்ந்த மறுநாள் மறுபடியும் மலை. அன்றும் காய்ச்சல் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு யார் கதைப்பது? அவரோ நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போனார். இப்படியே விட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று குகனேஸ்வரிக்குப் பயம் பிடித்தது.

அவள் வேலை செய்த கபோ வீட்டு முதலாளியம்மாவான சிஞ்ஞோரா, இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்ற டாக்குத்தர். அன்று பாணுக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். குகனேஸ்வரி விசயத்தைச் சொன்னதும், மாவில் ஓர் உருண்டை கிள்ளி இதுதான் சிவப்பணு என்றார். ஓர் ஒலிவ் காயை எடுத்து இதுதான் கிருமி என்றார். கிருமி அணுவைத் தொட்டுப் பார்க்கும், தன் கூர்முனையைத் திருப்பி இறுக ஒட்டிக்கொள்ளும், பிறகு அமத்தும். சிஞ்ஞோரா காயை அமத்த, மா கிழியாமல் குழிந்து அதைச் சுற்றி மூடிக்கொண்டது. கிருமி அணுவின் தோலையே போர்த்திக்கொண்டு உள்ளே இருக்கும். காய்ச்சல் இல்லாத நாளில் சத்தமில்லாமல் தின்று பெருகும். அணுக்கள் ஒன்றாக வெடிக்கிற நாளில்தான் நடுக்கம், என்றார்.

அட, இவர் மலையேறுவதெல்லாம் அது உள்ளே விருந்து சாப்பிடுகிற நாளில் என்று குகனேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சிஞ்ஞோராவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூடிய கதவில் முட்டி என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை அவள் குளிசைப் போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு வெறுங்காலோடு மலையேறினாள். குகைக்குள் தண்ணீர் சொட்டியது. போத்தலை மாதாவின் முன் வைத்துக் கும்பிட்டாள். இது தந்திரம்தான், ஆனால் கும்பிட்டது மெய்யாகத்தான்; கண்ணீரும் மெய்தான்.

அன்று பின்னேரம் அவருக்குச் சோறு கொடுத்தபின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, இது மாதாவுக்கு முன்னாலை வைச்சு எடுத்தது. பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லக்கூடாது."

அவர் குளிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி விழுங்கினார். முகம் கோணியது, ஆனால் வாந்தி வரவில்லை. அதற்குப் பிறகு நேரம் தவறாமல் அவரே பிரசாதம் கேட்டார்.

நடுங்க வேண்டிய நாள் ஒன்று வந்தது, நடுங்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. முகத்தில் இரத்தம் திரும்பிய ஒரு காலையில் அவர் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது, குகனேஸ்வரிக்குக் கொஞ்சம் பெருமை தாங்கவில்லை.

"பிரசாதம் எண்டபடியாத்தானே குடிச்சனீங்கள்?" என்று சீண்டினாள்.

"குளிசை குளிசைதான் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார் அவர், கோப்பையில் இருந்து கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு உம்மடை உள்ளங்காலிலை கொப்புளத்தைக் கண்டனான். அதுக்குப் பிறகு எப்பிடி வேண்டாமெண்டிறது?"