நடுக் குப்பத்து எம்.எல்.ஏ.

ஆதிநாராயணன் மூன்று முறை தேர்தலில் நின்றார். 1967ல் ஜெயித்தார். 1971ல் தோற்றார். 1977ல் தோற்ற விதத்துக்காகக் கட்சியை விட்டே நீக்கிவிட்டார்கள். மூன்றுக்கும் நான்தான் அவருடைய தேர்தல் ஏஜெண்ட். அறுபத்தேழு வெற்றிக்கு யார் காரணம் என்று யாராவது கேட்டால் நான் அடக்கமாகச் சிரித்துவைப்பேன். வேறு யாரையும் காரணமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிரிப்பு.

என் பெயர் ராஜவேலு. எங்களுடையது திருப்பாச்சூரில் நெல் பயிர் வைக்கும் குடும்பம். பெண் எடுத்தது கும்மிடிப்பூண்டி பக்கம். மாமனார் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அங்கேயே தங்கிவிட்டேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அரசியல் நல்ல தொழில். பகல் முழுக்க வெளியே இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் தொகுதியின் கணக்கு சுலபமானது. நெல் விளையும் ஊர்களில் மேலத்தெரு ஒரு கட்சிக்குப் போட்டால் கீழத்தெரு அடுத்த கட்சிக்குப் போடும். அதற்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை, தெருச் சண்டை. ஆகவே அந்த ஓட்டுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பவை பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மூன்று மீனவர் குப்பங்கள்: வடக்குக் குப்பம், நடுக் குப்பம், தெற்குக் குப்பம். இந்த மூன்றும் சாய்கிற பக்கம்தான் ஜெயிக்கும். ஆதிநாராயணன் நடுக் குப்பத்துக்காரர்.

ஆனால் அவர் வலை பிடித்ததே கிடையாது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா கங்கம்மா பிள்ளையைப் படகில் ஏற விடவில்லை. பொன்னேரியில் படிக்கவைத்தாள். படித்து மீனவர் சங்கத்தில் எழுத்தர் ஆனார். வெள்ளைச் சட்டை, நல்ல குரல், யாரையும் திட்டத் தெரியாத வாய். இதில் கடைசிக் குணம் அரசியலுக்கு ஆகாது என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

அறுபத்தேழில் நான் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. படகில் ஒலிபெருக்கி கட்டி ஏரியைச் சுற்றிவந்தோம். சைக்கிள் ஊர்வலம் விட்டோம். மூன்று குப்பங்களும் மொத்தமாக எங்களுக்கே போட்டன. நான் ஒரு மாதத்துக்குத் தரையில் நடக்கவில்லை.

எம்.எல்.ஏ. ஆனபின் ஆதிநாராயணன் தினமும் முதல் ரயிலில் பட்டணம் போய்க் கடைசி ரயிலில் வருவார். சட்டசபையில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறதே, அரசு என்ன செய்யப் போகிறது என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அமைச்சர். அடுத்த வருஷமும் இவர் அதையே கேட்டார், அவர் அதையே சொன்னார். முகத்துவாரம் யார் பேச்சையும் கேட்காமல் மூடியே கிடந்தது.

ஆனால் சட்டசபைக்கு வெளியே மனிதர் பம்பரமாகச் சுற்றினார். குப்பங்களுக்குக் கரண்ட் வந்தது. ஐஸ் கொட்டகை வந்தது. விதவைகளின் மனுக்களைத் தானே கோட்டைக்கு எடுத்துப்போய், கையெழுத்து விழுகிற வரைக்கும் மேஜைக்கு முன்னால் நின்று வாங்கிவருவார். அந்த வேலை அவருக்கு அப்படிப் பிடித்துப்போனது. "இந்த ஆளுக்கு ஊடும் ஒரு ஸ்டேஷன்தான், நின்னுட்டு போய்கினே இருப்பாரு" என்பாள் அவர் மனைவி அஞ்சம்மாள். சொல்லிவிட்டு மறுநாள் சட்டைக்குக் கஞ்சி போடுவாள்.

இப்படிப்பட்டவர் எழுபத்தொன்றில் தோற்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மூன்று குப்பங்களும் சொல்லிவைத்த மாதிரி தெற்குக் குப்பத்து சின்னதுரைக்குப் போட்டிருந்தன. சின்னதுரை செய்த ஒரே பொதுக்காரியம் வேட்புமனு போட்டதுதான். நான் காரணம் தேடினேன். பணமா, சாராயமா, கட்சி அலையா? எல்லாவற்றையும் யோசித்து, கடைசியில் துரோகம் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் அந்தத் துரோகிகளே கூடை நிறைய இறாலும் நண்டும் எடுத்துக்கொண்டு ஆதிநாராயணன் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் நடுக் குப்பத்து நாட்டாமை குப்புராஜ். ஆதிநாராயணனுக்குத் தாய்மாமன்.

"இன்னா ஆதி, மூஞ்சத் தூக்கி வச்சிகினு ஒக்காந்துகினு கீற?" என்றார் அவர்.

ஆதிநாராயணன் கூடையைத் தள்ளிவைத்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன் மாமா? கரண்ட் கொண்டாந்தேன். ஐஸ் கொட்டா கட்டுனேன். நம்ம ஊரே எனக்குப் போடலியே."

குப்புராஜுக்கு நிஜமாகவே புரியவில்லை. "யாருப்பா தப்புன்னு சொன்னது? நல்லாத்தான் பண்ண. உன் பாடு முடிஞ்சி போச்சி, அவ்ளோதான்."

பாடு என்பது அந்த ஏரியில் வலை போடும் முறை. ஏரியில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். இன்றைக்கு அங்கே வடக்குக் குப்பம் வலை போட்டால் நாளைக்கு நடுக் குப்பம், அதற்கு மறுநாள் தெற்குக் குப்பம். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மறுநாள் இடத்தை விட்டுவிட வேண்டும். அந்தப் பாடு முறையை இவர்கள் சட்டசபை நாற்காலிக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அறுவத்திரெண்டுல வடக்குக் குப்பம் தேசப்பன்," என்று குப்புராஜ் விரல் மடக்கினார். "அப்பால நீ. இப்ப சின்னதுரை. அடுத்தது திரும்ப தேசப்பன். அதுக்கு அடுத்தது நீதான் நைனா, எங்க போயிடப் போற?"

"நல்லா வேலை செய்யறவனுக்கே திரும்பப் போட்டா இன்னா மாமா?"

"நல்லா மீன் புடிக்கிறான்னு ஒருத்தனையே தெனிக்கும் வலை போட உட்டா, மத்தவன் ஊட்ல அடுப்பு எரிய வாணாமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "அப்ப கட்சி, கொள்கை எல்லாம்?"

"அது உங்க பேஜாரு," என்றார் குப்புராஜ்.

முறையை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஆதிநாராயணன் கேட்டார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். படகில் ஏறாதவர் பாடு பேசும் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை. என் ஒலிபெருக்கி, சைக்கிள் ஊர்வலம் எல்லாம் வீண் என்று அப்போது எனக்கு உறைத்தது. நண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஆறு வருஷங்கள்தான் அவரை உருக்கின. மனு கொடுக்க ஜனங்கள் இவரிடமே வந்தார்கள், ஏனென்றால் சின்னதுரை வீட்டில் இருப்பதில்லை. இவரும் அதே வெள்ளைச் சட்டையோடு கோட்டைக்குப் போவார். முன்பு நேராக உள்ளே நுழைந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "இன்னா பெரியவரே, யாரப் பாக்கணும்?" என்பான் பியூன். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். பெரியவரே என்ற வார்த்தை அவர் முகத்தில் விழுந்ததைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலம் அளந்தார்கள். குப்பத்துப் பையன்களுக்கு அதில் வேலை கேட்டு இவர் அலைந்தார். முன்னாளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

எழுபத்தேழில் கட்சி அவருக்கு மறுபடியும் சீட்டுக் கொடுத்தது. இந்த முறை ஜெயித்து வந்தால் மீன்வளத்துக்கு அமைச்சர் என்று மேலிடத்தில் அவரிடம் வாய்விட்டே சொன்னார்கள். அதாவது, முகத்துவாரம் பரிசீலனையில் இருக்கிறது என்று அவரே சொல்லலாம். மனம் வைத்தால் தோண்டவும் செய்யலாம். ஆனால் முறைப்படி பாடு வடக்குக் குப்பத்துக்கு. தேசப்பன் அறுபத்திரண்டில் ஒரு கட்சி, இப்போது வேறு கட்சி. அதைப் பற்றி ஏரியில் யாரும் கவலைப்படவில்லை.

"என் பாடு வர்றதுக்குள்ள எனக்கு அறுவது ஆயிடும் ராஜவேலு," என்றார் ஆதிநாராயணன். "அப்ப யாரு சீட்டு குடுக்கப் போறான்? இதான் எனக்குக் கடைசி."

நான் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். மூன்று குப்பமும் வேண்டாம், நடுக் குப்பம் ஒன்று போதும். நெல் ஊர்களில் எங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. சொந்த ஊர், சொந்த ஜனம், தாய்மாமன் நாட்டாமை. வாய் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி. அவர் சரி என்றார்.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அஞ்சம்மாளும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து அமைச்சர் பதவியைப் பற்றியும் முகத்துவாரத்தைப் பற்றியும் பேசினேன். என் வாழ்நாளில் நான் பேசிய நல்ல பேச்சு அதுதான். குப்புராஜ் கடைசிவரை கேட்டார்.

"செரி. குடுக்கறோம்," என்றார்.

என் காதையே நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமா என்று ஆதிநாராயணனைப் பார்த்தேன். அவர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்க புள்ள. வாயத் தொறந்து கேட்டா இல்லன்ன மாட்டோம்," என்று குப்புராஜ் தொடர்ந்தார். "ஆனா ஆதி, நீ தண்ணில எறங்குனது இல்ல, அதனால சொல்றேன். வடக்குக் குப்பத்துக்கு இந்தக் கோயில்லதான் வாக்கு குடுத்தோம். இத நாம மாத்துனா, நாளைக்கு ஏரில அவன் மாத்துவான். அவன் மாத்துனா தெக்குக் குப்பத்தான் சும்மா இருக்க மாட்டான். அந்தக் காலத்துல ஒரு தபா இப்டி பாடு மாத்தி, வலை போடற எடத்துல ரெண்டு பொணம் வுழுந்துது. ஒண்ணு உங்க நைனா."

ஆதிநாராயணனின் அப்பா புயலில் போனார் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், அவரும் அதைத்தான் கேள்விப்பட்டிருந்தார் என்று தெரிந்தது. கங்கம்மா பிள்ளையை ஏன் படகில் ஏற விடவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில் புரிந்தது.

"அதுக்காக வாணாம்னு சொல்லல," என்றார் குப்புராஜ். "நீ சட்டசபைல இருப்ப, நாங்க தண்ணில இருப்போம். வர்றத பாத்துக்கறோம். கேளு. குடுக்கறோம்."

நான் ஆதிநாராயணன் முதுகில் விரலால் குத்தினேன். கேளுங்கண்ணே, ஒரு வார்த்தை கேளுங்க என்று காதருகே கெஞ்சினேன். அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டசபையில் எழுந்து நிற்பதும் அப்படித்தான்.

"நான் கேக்கல மாமா," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பத்து வருஷமாக எவனோ வீட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்குத் தனக்கென்று ஒரு வார்த்தை கேட்க வரவில்லை என்றால் என்ன மனிதன்? வேட்புமனுவை வாபஸ் வாங்கும் நாளும் தாண்டிவிட்டது. ஆகவே ஆதிநாராயணன் நெல் ஊர்களில் போய்த் தனக்கு ஓட்டுக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். குப்பங்கள் பக்கம் போகவில்லை. ஓட்டுப் பதிவு நாளில் அஞ்சம்மாளோடு நடுக் குப்பத்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

எண்ணும் இடத்தில் நடுக் குப்பத்துப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் தேசப்பனுக்கு. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. அதிகாரி பெட்டி மாறிவிட்டதோ என்று முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேட்பாளர் இந்த ஊர்தானே? அவர் ஓட்டு எங்கேய்யா?" என்றார். ஏஜெண்ட் என்ற முறையில் நான் எழுந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும். எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்சி விசாரணையைத் திருவள்ளூரில் வைத்தார்கள். விசாரிக்க வந்த பிரமுகர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"தேசப்பன்கிட்ட எவ்ளோ டப்பு வாங்கின?" என்றார்.

"வாங்கலைங்க."

"உன் பொண்டாட்டிகூடவா உனக்குப் போடல?"

"போடலைங்க."

"நீ?"

"நானும் போடலைங்க."

நான் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆதிநாராயணன் என் கையை அழுத்திப் பிடித்தார். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் அப்போது விளங்கியது. குப்பங்களின் முறை கட்சிக்காரன் காதில் விழுந்தால் அடுத்த தேர்தலுக்கு ஒவ்வொரு குப்பத்திலும் ஒருவன் பணப்பையோடு போய் உட்காருவான். வாயை மூடிக்கொண்டேன். துரோகி என்று எழுதிக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த நாள் பேப்பரில் சின்னதாக வந்தது. அவருடைய பாடு திரும்ப வரும்போது சீட்டுக் கொடுக்க இனி எந்தக் கட்சியும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அந்த ஒரு ஓட்டையாவது உங்களுக்குப் போட்டுக்கினா இன்னாண்ணே? யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருக்கே இல்லாத ஓட்டு எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியபாளையத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஆனா ராஜவேலு, நீயும் அங்க இருந்தல்ல? கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. எங்க நைனா கதைய வச்சிகினும் குடுக்கறேன்னாங்க. மொத்த ஊரும்."

"ஆமாண்ணே," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். நானே இரண்டு டிக்கெட் வாங்கினேன்.