சாம்பியனின் மனைவி

என் அத்தானுக்கு நாய் பிடிக்காது. அவருக்குப் பிடித்ததெல்லாம், 'நாய் வைத்திருப்பவர்' என்று நான்கு பேர் தன்னைப் பற்றிச் சொல்வது. பல் மருத்துவர்களுக்கு நாற்காலியும் கருவிகளும் விற்கும் கம்பெனியில் அவர் மேனேஜர். அவருக்கு மேலே ஒரு பெரிய மேனேஜர் உண்டு. அந்த மனிதர் பஞ்சுமிட்டாய் போன்ற ஒரு வெள்ளை நாயை அலுவலகத்துக்கே கூட்டிவருவாராம். மீட்டிங் நடக்கும்போது அது மேசைக்கடியில் படுத்திருக்குமாம். இதைச் சொல்லும்போது அத்தானின் குரலில் ஒரு பக்தி வரும். அந்த நாய் கொட்டாவி விட்டால்கூட அதில் ஒரு களை இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார்.

அக்கா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு உடைந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் கைப்பிடித்து நடக்க வைப்பது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாய் வளர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடி கொட்டும், வீடு நாறும், சோபாவைக் கடிக்கும் என்று அத்தான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். பெரிய மேனேஜரின் நாயைப் பார்த்த பிறகு சோபாவைப் பற்றிய கவலை ஒரே நாளில் போய்விட்டது. ஆனால் எந்த நாய் என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

"காப்பகத்துல எத்தனையோ நாய் கெடக்கு. அதுல ஒண்ண எடுத்துக்கலாம்" என்றாள் அக்கா.

"எவனோ வேணாம்னு தூக்கிப் போட்டத நாம எதுக்கு எடுக்கணும்?"

"உங்களக்கூடத்தான் ரெண்டு கம்பெனி வேணாம்னு சொல்லிச்சு. நான் எடுத்துக்கலயா?"

அத்தான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அப்படியென்றால் சம்மதம் என்று அர்த்தம். நான் ஏசி ரிப்பேர் செய்கிறவன். என்னிடம் வேன் இருப்பதால் அந்தக் குடும்பத்தில் எனக்கு டிரைவர் பதவி. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காப்பகத்துக்குப் போனோம்.

பழைய செருப்புத் தொழிற்சாலை ஒன்றைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். பினாயில் வாடை கண்ணைக் கரித்தது. அதை நடத்தும் அம்மாள், தரையில் உட்கார்ந்து ஒரு சொறிநாய்க்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். "என் தங்கம், என் ராஜாத்தி, கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று அதனிடம் கொஞ்சியவர் எங்கள் பக்கம் திரும்பியதும், "என்ன வேணும்?" என்றார். வெந்நீர்க் குழாயை மூடிவிட்டுப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தது போலிருந்தது.

பிறகு விசாரணை தொடங்கியது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாற்றல் வந்தால் நாயை என்ன செய்வீர்கள், குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள், நீங்கள் இரண்டு பேரும் பிரிந்துபோனால் நாய் யாரிடம் இருக்கும். அத்தானுக்கு முகம் சிவந்தது.

"எனக்குப் பொண்ணு குடுக்கும்போதுகூட யாரும் இவ்வளவு கேக்கல."

"கேட்டிருக்கணும்" என்றாள் அக்கா.

அவள் கண் அதற்குள் ஒரு மூலையிலிருந்த பழுப்பு நாயின் மேல் விழுந்துவிட்டது. ஒரு கண் மட்டும் உள்ள கிழட்டு ஆண் நாய். கம்பிக்குள் கையை விட்டதும் அவள் விரலை நக்கியது. அக்கா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தான் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் வாழ்க்கையிலேயே மோசமான கேள்வியைக் கேட்டார்.

"இது என்ன ஜாதி?"

அம்மாள் மருந்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்க ஜாதி என்னன்னு நான் கேட்டேனா?"

"இல்ல, ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு கேப்பாங்க, அதான்."

"கண்காட்சி வைக்கறவங்களுக்கு நாங்க நாய் குடுக்கறதில்ல. ஒரு பொம்மைய வாங்கி மேசையில வச்சுக்குங்க. அது சாப்பாடும் கேக்காது."

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான்தான் பார்த்துக்கொள்வேன், காலை மாலை நானே வெளியே கூட்டிப்போவேன் என்றெல்லாம் கெஞ்சினாள். அந்த அம்மாள் அவளையும் அத்தானோடு சேர்த்தே எடைபோட்டு ஒதுக்கிவிட்டார். மனிதர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று முடிவுகட்டியவருக்கு எங்களைப் போன்றவர்கள் வருவது ஒருவகையில் வசதிதான். எங்களைத் துரத்திவிட்டு அவர் நாய்களிடம் திரும்பியபோது, முகத்தில் அப்படியொரு நிறைவு.

வேனில் அத்தான் வாய் ஓயவில்லை. "வீதியில கெடந்தத சும்மா குடுக்கறதுக்கே இந்தத் திமிரு. நாளைக்கே ஜாதி நாய்க்குட்டி விக்கற கென்னல்காரன்கிட்ட போறோம். அங்க நம்மள உக்கார வச்சு ஜூஸ் குடுப்பான்."

"எங்க வேணா போங்க" என்றாள் அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூஸ் உண்மையிலேயே கொடுத்தார்கள். கென்னல்காரரின் வீட்டு முன்ஹாலில் கால் வழுக்கும் பளிங்குத் தரை, அலமாரி நிறையக் கோப்பைகள், சுவரில் ஒரு கோல்டன் ரெட்ரீவரின் ஆளுயரப் படம். படத்திலிருந்த நாயின் அலட்சியம் அப்படியே கென்னல்காரர் முகத்திலும் இருந்தது.

"குட்டியோட அப்பா. மூணு ஷோல சாம்பியன். இவரோட தாத்தா வெளிநாடு" என்றார். நாயை 'இவர்' என்றவர், ஜூஸ் கொண்டுவந்த பெண்ணை 'ஏய்' என்றார்.

கண்ணாடித் தடுப்புக்குள் குட்டிகள் பொன் உருண்டைகளாக உருண்டுகொண்டிருந்தன. பவுடர் வாசனை வந்தது. அத்தானுக்கு வாயெல்லாம் பல். ஒரு குட்டியைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, "மாப்ளே, ஒரு போட்டோ எடு. முகத்துல வெளிச்சம் விழற மாதிரி எடு" என்றார். யார் முகத்தில் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அக்கா குட்டிகளைத் தொடவில்லை. "அம்மா நாய் எங்க?" என்றாள்.

"ரெஸ்ட்ல இருக்கு மேடம். இப்ப பாக்க முடியாது."

"ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேனே."

"வெளியாளுங்கள பாத்தா டென்ஷன் ஆகும். நீங்க அப்பாவப் பாருங்க" என்று படத்தைக் காட்டினார்.

அக்கா பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். இடதுபக்கம் என்றார்கள். அவள் வலதுபக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். சமையலறையைத் தாண்டிய பின்கதவு கொக்கி மட்டும் போட்டிருந்தது. திறந்ததும் பவுடர் வாசனை அங்கேயே நின்றுவிட்டது.

தகரக் கொட்டகைக்குள் கம்பிக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அடிப்பாகமும் கம்பிதான், அசிங்கம் கீழே விழுந்துவிடுவதற்காக. மேல்கூண்டின் அசிங்கம் கீழ்க்கூண்டின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கடைசிக் கூண்டில் கிடந்ததை நாய் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பொன்னிற முடி முதுகில் கொத்துக் கொத்தாகத்தான் மிச்சமிருந்தது. முலைகள் தொங்கிக் கம்பியில் உரசிப் புண்ணாகியிருந்தன. அக்கா அதன் காலைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் கம்பியைப் பிடித்துப் பிடித்து அகலமாக விரிந்துபோயிருந்தன.

"இது தரையில நின்னதே இல்லடா" என்றாள்.

கென்னல்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கடைச் சரக்கறையைக் காட்டுகிறவர் போலச் சாதாரணமாக நின்றார்.

"இதுதான் நீங்க கேட்ட அம்மா. நல்ல உழைப்பாளி. இனிமே குட்டி தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்புறம் இத என்ன பண்ணுவீங்க?"

"ஏதாவது பண்ணணும்" என்றார். "இது வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க மேடம். ஆனா திருப்பிக் கொண்டு வரக்கூடாது."

அத்தான் குட்டியை மார்போடு அணைத்தபடி கதவருகே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா இங்க நிக்கறே? குட்டிக்கு வெல பேசி முடிச்சுட்டேன். உள்ள வா."

அக்கா கூண்டைத் திறந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அந்தக் குட்டிய நீங்க வாங்கினா, இந்தக் கூண்டுல அடுத்த நாயக் கொண்டுவந்து வைப்பாரு. வாங்கறதுன்னா வாங்குங்க. அப்புறம் நீங்களும் குட்டியும் இங்கயே இருந்துக்குங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். கென்னல்காரர் ஏதோ வேடிக்கை போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அத்தானைச் சுட்டிருக்க வேண்டும். குட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, "வண்டிய எடு மாப்ளே" என்று முன்னால் நடந்தார். நாயை நான்தான் தூக்கிவந்தேன். அவ்வளவு பெரிய உடம்பில் பாரமே இல்லை.

அக்கா மறுநாளே காப்பக அம்மாளுக்குப் போன் செய்தாள். "காசு குடுத்து வாங்கினீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இருந்தும் நேரில் வந்து நாயின் காலைப் பார்த்தார், அதிகாரிகளைக் கூட்டிப்போனார், கொட்டகை மூடப்பட்டது. கூண்டிலிருந்தவை காப்பகத்துக்குப் போயின. கென்னல்காரர் ஊரின் வேறொரு கோடியில் வேறு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டார். பவுடர் வாசனைக்கு அங்கேயும் ஆள் வராமலா போகும்?

அத்தான் இந்தக் கதையை வீணாக்கவில்லை. பெரிய மேனேஜரிடம் போனபோது அந்த நாய் 'மூணு ஷோ சாம்பியனோட மனைவி' ஆயிற்று. அடுக்குமாடிக்காரர்களிடம் அதுவே 'நாங்க உயிரக் குடுத்து மீட்டது' ஆயிற்று. வாங்கியவனின் பெருமையும் மீட்டவனின் புண்ணியமும் ஒரே நாயில் அவருக்குக் கிடைத்துவிட்டன. அவர் எடுத்த போட்டோக்களில் நாயின் தலை மட்டும் இருக்கும். கழுத்துக்குக் கீழே பார்க்கச் சகிக்காது என்பார்.

நாய் என்னவோ சாகத்தான் பார்த்தது. சமதளமான தரையில் விட்டால் விட்ட இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். அக்கா தன் நோயாளிகளைப் பழக்குவது போல ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பழக்கினாள். சாப்பாட்டை மட்டும் அது தொடவே இல்லை. யாராவது நிமிர்ந்து நின்றால் தட்டைவிட்டு விலகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டு ஏசியைச் சுத்தம் செய்யப் போனேன். அக்காவுக்கு டியூட்டி. கதவு லேசாகத் திறந்திருந்தது. ஹாலில் அத்தான், இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டையும் டையுமாக, தரையில் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் தரையில் பதிந்திருந்தது. அவர் மூக்குக்கு முன்னால் சோற்றுத் தட்டு. நாய் கழுத்தை நீட்டி, அவர் கண்ணையே பார்த்தபடி, ஒவ்வொரு பருக்கையாக நக்கிக்கொண்டிருந்தது. சோறு அவர் டையில் ஒட்டியிருந்தது.

"மாப்ளே, கதவச் சாத்து" என்றார் உதடு அசையாமல். "யாராச்சும் பாத்துடப் போறாங்க."

சாத்தினேன்.

"நின்னுட்டிருந்தா அது சாப்பிடாது. நீயும் படு."

கருவிப் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நானும் படுத்தேன்.