உலைக்கு யார் இருக்கா?

சாவுக்காக முற்றத்தில் எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே மறுபடியும் ஆண்களின் அழுகுரல் எழுந்ததும் பெர்மெத் ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டுக் காது கொடுத்தாள். சித்தப்பா ஷர்ஷெனின் கரகரப்பு கேட்டது. அவர் மகனின் உடைந்த குரல் கேட்டது. அண்ணன் துராத்தின் குரல் மட்டும் இன்னும் வரவில்லை.

"பாடுடி," என்று அத்தை முழங்கையால் இடித்தாள். "அப்பன் பொணத்தை வச்சுக்கிட்டு யார் வந்தா, யார் போனான்னு கணக்கா எடுக்குற?"

பெண்கள் எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டி, கம்பளிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா ஒஸ்மொனாலி கிடந்தார். நேற்று மத்தியானம் தேநீர்க் கிண்ணமும் கையுமாக சிமெண்ட் ஆலை உலைக்கு நெருப்பு ஊதும் புது பர்னரைத் திட்டிக்கொண்டிருந்தவர், திட்டு முடிவதற்குள் போய்விட்டார். அதில் என்ன குறை கண்டார் என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

துராத் ராத்திரியெல்லாம் கூடத்தான் இருந்தான். விடியற்காலையில் ஆலையிலிருந்து போன் வந்தது. புதுச் செங்கல் பதித்த உலையை மெல்ல மெல்லச் சூடேற்றி, அன்றைக்குத்தான் எரிவாயுவிலிருந்து நிலக்கரித் தூளுக்கு மாற்றுகிறார்கள். காலை ஷிப்டுக்கு வர வேண்டியவனுக்குத் திடீர்க் காய்ச்சல். "ஒரே ஒரு மணி நேரம்மா. மாத்தி விட ஆள் வந்ததும் ஓடி வந்துடுறேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினவன் இன்னும் வரவில்லை. வெயில் கூடாரத்தின் உச்சிக்கு வந்துவிட்டது.

"நான் செத்தாக்கூட நீ அந்த உலையைத்தான்டா கட்டிக்கிட்டு அழுவேன்னு ஒஸ்மொனாலி அன்னிக்கே சொன்னான்," என்றாள் அத்தை, பாட்டுக்கு நடுவில், பக்கத்தில் இருந்தவளிடம். "என் காதால கேட்டேன்."

பெர்மெத்தும் அதைக் கேட்டிருக்கிறாள். அப்பா அதைச் சொன்னது உண்மைதான். உலைக்குள் நெருப்பு நீளமாக இருக்க வேண்டும் என்று அப்பா, குட்டையாக இருக்க வேண்டும் என்று அண்ணன். சோற்றுத் தட்டு முன்னால் தொடங்கிய அந்தச் சண்டையில்தான் சொன்னார். அது பலித்துவிடக் கூடாது. மகன் இல்லாமல் அப்பாவைக் குழியில் இறக்கினால், ஊர் வாய் அண்ணனை ஆயுசுக்கும் விடாது. ஊர் விட்டாலும் அவனே தன்னை விடமாட்டான். அவளுக்குத் தெரியும்.

வெளியே புதிதாக ஒரு கூட்டம் அழுதுகொண்டே வந்தது. கட்டைக் குரல் ஒன்று. அது ரிஸ்பெக். மூக்கால் அழுவது அல்மாஸ். மூன்றாவது ஆள் அழவில்லை, தொண்டையைத்தான் செருமினார். அது கென்னாதி மாமா. முப்பது வருஷமாக அப்பாவோடு உலை முன்னால் நின்று, முப்பது வருஷமும் அவரோடு சண்டை போட்ட ரஷ்யக்காரர்.

பெர்மெத் சட்டென்று நிமிர்ந்தாள். அண்ணனையும் காய்ச்சல்காரனையும் விட்டால், உலையை ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த ஆலையில் இந்த மூன்று பேர்தான்.

"எங்கடி போற? பொம்பளப்புள்ள வெளிய போகக் கூடாதுடி!"

அத்தையின் கை பாவாடையைப் பிடித்தது. உதறிவிட்டு வெளியே வந்தாள். தடியை ஊன்றிக் குனிந்து நின்ற ஆண்கள் வரிசை அவளைப் பார்த்து அழுகையை நிறுத்தியது.

"உலைக்கு யார் இருக்கா?" என்றாள்.

ரிஸ்பெக் அல்மாஸைப் பார்த்தான். அல்மாஸ் கென்னாதியைப் பார்த்தான்.

"நீ போவேன்னுல்ல நான் நெனச்சேன்," என்றான் ரிஸ்பெக், அல்மாஸிடம்.

"நானா? நேத்து ராத்திரி ஷிப்டே நான்தான்யா பாத்தேன். நீதான் போற வழியில எறங்கிக்குவேன்னு இருந்தேன்."

"எல்லாரையும் ஒரே கார்ல அள்ளிப்போட்டுக்கிட்டு வந்தது யாரு?"

"ஆளாளுக்கு வீட்டு வாசல்ல நின்னு ஏறுனது நீங்க!"

"யோவ்!" என்றார் ஷர்ஷென். "சாவு வீட்டுக்கு வந்திருக்கீங்களா, சந்தைக்கு வந்திருக்கீங்களா? பெத்த புள்ளைய அங்க நிறுத்திட்டு, ஊரான் எல்லாம் வந்து இங்க அழுவுறீங்க. இமாமுக்கு அடுத்த ஊர்ல இன்னொரு சாவு இருக்கு. மத்தியானத் தொழுகைக்கு முன்ன எடுத்தாகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

பெர்மெத் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். உலையின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"யாராவது கெளம்பிட்டாங்களா?" என்று கத்தினான் துராத். "காலையிலேர்ந்து ஒருத்தனும் போன எடுக்க மாட்டேங்குறான்!"

"சாவு வீடாச்சேன்னு போன அணைச்சு வச்சிருந்தேன்," என்று முணுமுணுத்தான் அல்மாஸ்.

"விட்டுட்டும் வர முடியல பெர்மெத். இப்பத்தான் கரி பிடிச்சிருக்கு. நெருப்பு இடது பக்கமா சாயுது, புதுச் செங்கல்ல நக்குது."

அவ்வளவுதான். மூன்று தலைகளும் போனுக்கு மேல் கவிழ்ந்தன.

"சுழல் காத்தக் கொறைடா தம்பி!"

"கொறைக்காத! நேர்க்காத்தக் கூட்டு!"

"ரெண்டையும் தொடாத. குழாயக் கொஞ்சம் பின்னால இழு. மொனையில கரி கட்டியிருக்கும், அதான் சாயுது."

"குழாய இழுத்தா நெருப்பு நீண்டுடும்யா," என்றார் கென்னாதி.

"நீளட்டுமே! ஒஸ்மொனாலி அண்ணன் அதத்தான சொன்னாரு!"

"அவன் சொன்னது எரிவாயுக் காலத்துல!"

பெர்மெத் போனைப் பிடுங்கினாள். "அவர் உள்ள கெடக்குறாரு," என்றாள். "எங்கண்ணன் வரணும். நெருப்பு எப்படியாவது எரிஞ்சுட்டுப் போகட்டும். உங்கள்ல யாராவது ஒருத்தர் அங்க போங்க!"

"கொஞ்ச நேரம் அணைச்சுட்டு வரச் சொல்லக் கூடாதா?" என்றார் ஷர்ஷென்.

மூன்று பேரும் சேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அணைத்துவிட்டு மறுபடி பற்றவைக்கும்போது, உள்ளே எரியாமல் தங்கின கரித்தூள் வெடித்தால் ஆளே மிஞ்சமாட்டான். இது பெர்மெத்துக்கே தெரியும். அந்த வீட்டில் வேறு என்ன பேசினார்கள்?

"நான் போறேன்," என்று அல்மாஸ் காரைப் பார்த்து ஓடினான். ஓடின வேகத்திலேயே நின்றான். காருக்குப் பின்னால், சாவுச் சாப்பாட்டுக்கு அறுக்கவென்று குதிரை ஏற்றிவந்த லாரி. அதற்குப் பின்னால் தெரு முனைவரை துக்கத்துக்கு வந்தவர்களின் கார்கள். வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரோட வண்டி? யோவ், இது யாரோட வண்டி?" என்று அல்மாஸ் ஒவ்வொரு வாசலாகக் கத்திக்கொண்டு போனான். ஒருத்தர்கூட வெளியே வரவில்லை.

கென்னாதி பக்கத்து வேலியில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார். டயரை அழுத்திப் பார்த்தார்.

"மாமா, உங்களால மிதிக்க முடியுமா?"

"முடியலன்னா தள்ளிக்கிட்டுப் போறேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

கால் தூக்கிப் போட்டவர், மறுபடி இறங்கினார். சைக்கிளைப் பிடித்தபடியே கூடாரத்தை ஒட்டி வந்து நின்றார். அப்பா கிடந்த பக்கம் அதுதான். கம்பளியில் உள்ளங்கையை வைத்தார்.

"ஒஸ்மொனாலி, நான் போறேன். உன் புள்ளைய அனுப்பி வைக்கிறேன்," என்றார் ஒப்பாரியையும் மீறிக் கேட்கிற மாதிரி. கம்பளியை ஒரு தட்டுத் தட்டினார். "ஆனா நீ சொன்னது தப்புதான்யா. கரிக்கு நெருப்பு குட்டையாத்தான் இருக்கணும். இப்பவாவது ஒத்துக்க."

உள்ளே பெண்களின் பாட்டு நின்றுபோனது. அவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்றுவிட்டு, "மாட்டான். பிடிவாதக்காரன்," என்று சலித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். சங்கிலி கறமுற என்றது.

அதற்குப் பிறகு எல்லாமே அவசரம். இமாம் சூரியனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஷர்ஷெனைப் பார்த்தார். ஷர்ஷென் குளிப்பாட்டத் தண்ணீர் இன்னும் காயவில்லை என்றார். பிறகு பாடை கட்டும் கயிறு சரியில்லை என்றார். கடைசியில் சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் தன் செருப்பைத் தேடினார். "செருப்பு கால்லதானய்யா இருக்கு," என்றார் இமாம். இறந்தவருக்கான தொழுகை நடந்தது. பாடையை லாரியில் ஏற்றினார்கள். இத்தனை நேரம் யாருக்கும் வழிவிடாத கார்கள் எல்லாம் ஒரே நொடியில் விலகி நின்றதைப் பார்த்து பெர்மெத்துக்குக் கல்லை எடுத்து எறியலாம் போலிருந்தது.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. லாரி கிளம்பியதும் அம்மாவைத் தாங்கிக் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். பெர்மெத் மட்டும் வேலிப் படலைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ள வாடி. பாத்தது போதும்," என்றாள் அத்தை. இப்போது அவள் குரலில் அதட்டல் இல்லை.

"வரேன் அத்தை."

ஆலைக்குப் போகும் சாலையும் இடுகாட்டுச் சாலையும் பாப்லர் மரங்கள் முடிகிற இடத்தில் சேர்கின்றன. லாரி அந்த இடத்தை நெருங்கிவிட்டது. அங்கே ஆளில்லை. லாரி தாண்டியும் போய்விட்டது. பெர்மெத் படலை நெரித்தாள்.

அப்போது மரங்களுக்கு இடையில் வெள்ளியாக ஏதோ மின்னியது. உலை முன்னால் அண்ணன் போடுகிற, சூடு தாங்கும் கனத்த அங்கி. கழற்றக்கூட நேரமில்லாமல், கைகள் இரண்டும் பறக்கப் பறக்க அது லாரிக்குப் பின்னால் சாலையில் ஓடியது.

லாரி நின்றது. மேலிருந்து நாலைந்து கைகள் நீண்டு அவனை இழுத்துப் போட்டன. யாரோ தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார்கள். வெள்ளி அங்கி பாடைக்குப் பக்கத்தில் குனிந்தது. பிறகு கண்ணில் படவில்லை.

லாரி உடனே கிளம்பவில்லை. அது கிளப்பிய தூசி முழுக்க அடங்கும்வரை அங்கேயே நின்றது.