பூங்காவனம் கண்ணாடி போட்டு மாட்டிய கட்டுரை

தமிழ் மறந்து மலாய் பேசும் காஜா பெராங் தெருச் செட்டிகள் வீட்டில் போகியன்று செத்துப்போனவர்களுக்குத்தான் முதல் சாப்பாடு. அதற்குப் பார்ச்சு என்று பெயர். உயிரோடிருந்தபோது யாருக்கு எது பிடித்ததோ அதை வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டுக் குடும்பமே வெளியே காத்து நிற்கும். இலை போடும் உரிமை மூத்த மருமகள் பூங்காவனத்துக்கு. புருஷன் போனபின் அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

போன வருஷம் போகிக்குக் கலியாணசுந்தரம் வாத்தியார் வந்தார். செமாபோக்கில் குடியிருக்கும் தமிழாசிரியர். நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்துவிட்டது, அவரவர் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்றார். கொழுந்தன் சுப்பையனுக்கு முகம் சுருங்கியது. வெளியாளை இலை போடும் இடத்தில் விடுவதா? "நல்ல மனுஷர், நான் பொறுப்பு" என்று பூங்காவனம்தான் உள்ளே விட்டாள். அவள் மலாயில் சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதிக்கொண்டார். புருஷன் இலைக்குப் பக்கத்தில் பிராந்தி ஏன் என்று கேட்டார். கடைசிவரை அவருக்கு அது என்றால் உயிர் என்றாள். "இதை மட்டும் எழுத வேணாம், சிக்கு." வாத்தியாரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் தலையாட்டினார். தலையாட்டக் காசா பணமா?

இந்த வருஷப் பொங்கல் மலரில் கட்டுரை வந்தது. அவரே கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். பூங்காவனத்துக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியும்? அதனால் என்ன, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் புருஷன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். எட்டு நாள் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பூரித்தாள். போகிக்கு வாத்தியாரையும் சாப்பிட அழைத்தாள்.

போகியன்று சுப்பையனின் புது மருமகள் சீதா வந்தாள். புக்கிட் பாரு ஊர்ப் பெண், தமிழ் படித்தவள். பூங்காவனம் ஆசையாக அவளைக் கட்டுரை முன்னால் நிறுத்தினாள். சீதா இரண்டு வரி மலாயில் சொன்னாள். பிறகு திக்கினாள்.

"வேணாம், பெரியத்தை."

"படி," என்றார் சுப்பையன்.

தாய்மொழியைத் தொலைத்தவர்கள் கண்டவரிடமும் இரவல் வாங்கி ஒட்டுப்போட்ட பண்டிகை, இதற்கு மூலமும் இல்லை முறையும் இல்லை என்று எழுதியிருந்தது. குடித்தே செத்த புருஷனுக்கு ஒரு விதவை பிராந்தி படைக்கும் கூத்து என்றும் எழுதியிருந்தது. இரண்டு பேர் பெயரையும் போட்டு.

சுப்பையன் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. அடுப்பிலிருந்த பானையை இறக்கினார். "இனிமே இலை என் வீட்டுல." எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரமாகத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். கொழுந்தன்மேல் பூங்காவனத்துக்குக் கோபமில்லை. நம்பிச் சொன்னதையெல்லாம் ஒருவன் இப்படிக் கூத்தாக்கி விற்றுவிட்டானே!

சற்று நேரத்தில் வாத்தியார் பழச்சீப்போடு சிரித்தபடி வந்தார். காலி வீட்டைப் பார்த்து விழித்தார்.

"எழுத வேணாம்னு சொன்னேனே, சிக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது. "பத்திரிகைன்னா கொஞ்சம் காரமா எழுதணும்மா. உங்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே. மனசு நோகாதுன்னு நினைச்சேன்."

இதற்கு அவர் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம். பூங்காவனம் கட்டுரையைச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"அப்போ நீங்களே படிங்க. எனக்குப் புரியுற பாஷையில, ஒரு வரி விடாம."

அவர் மலாயில் தொடங்கினார். அவள் புருஷன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்தாதீங்க, சிக்கு," என்றாள்.