ஐந்து பெட்டி, ஐந்து நம்பர்

அணிலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வாய் அசைந்துகொண்டே இருக்கும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூடச் சட்டைப்பையில் கடலையோ திராட்சையோ இருக்கும். அதெல்லாம் போகட்டும். பயணம் கிளம்பினால்தான் வினை. இரண்டு நாளைக்குக் கட்டிக் கொடுத்ததை வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் காலி செய்துவிட்டு, மீதித் தூரத்துக்கு ஸ்டேஷனில் பொரித்து விற்பதையெல்லாம் வாங்கித் தின்பாள்.

போன வருஷம் கிரேன் லைசென்ஸ் தேர்வுக்குப் போனபோதும் அதுதான் நடந்தது. ஏணி ஏறி கேபினில் உட்கார்ந்தவள், இரண்டே நிமிடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் 'தோல்வி' என்று எழுதித் தாளை மடித்தும் வைத்துவிட்டார்கள். விதிப்படி இன்னும் ஒரே ஒரு முறைதான் வரலாம். இதிலும் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் ஃபோர்க்லிஃப்ட்தான்.

தேர்வு நடக்கும் துறைமுகம் இருபத்தாறு மணி நேர ரயில் தூரம். தங்கும் விடுதியில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கெட்டில்கூடக் கூடாது.

"இந்தத் தடவை சாப்பாட்டை நான் கட்டித் தர்றேன்" என்றான் புருஷன். அவன் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பூட்டுக்காரன் கட்டினால் எப்படிக் கட்டுவான்?

ஐந்து தகரப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரம் வைத்த நம்பர் பூட்டு. சீக்கிரம் கெட்டுப்போகிற அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் முதல் பெட்டியில். நடுவில் உள்ளவற்றில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கேரட், உலர்ந்த திராட்சை. தேர்வு நாள் காலைக்கான ஐந்தாவதில் பேரீச்சை, பாதாம், அன்றைக்குப் பழுக்கட்டும் என்று காயாகப் பார்த்து வாங்கிய இரண்டு வாழைப்பழம்.

"சாப்பாட்டு வேளைக்குப் போன் பண்ணி நம்பர் சொல்வேன். அதுவரைக்கும் தொடக்கூடாது."

"என்னைப் பார்த்தா திருடி மாதிரி இருக்கா?"

"திருடியா இருந்தா பரவாயில்லையே. திருடன் கொஞ்சமாவது மிச்சம் வைப்பான்" என்றான். "இன்னொண்ணு கேட்டுக்க. தப்பு நம்பர் வச்சு ஒரே ஒரு தடவை விசையை அமுக்கினாலும் உள்ள இறுகிக்கும். அப்புறம் கடப்பாறைதான்."

ரயிலில் எதிர் சீட்டுக்கு ஒரு டெய்லர் வந்தார். மடியில் பூட்டிய பெட்டிகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள நகையாம்மா?"

"இல்லீங்க, வேர்க்கடலை."

டெய்லர் தன் பையைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மதியம் நம்பர் வந்தது. முதல் பெட்டி நாலே நிமிடத்தில் தீர்ந்தது. இரண்டு மணிக்கு இவளே போன் போட்டாள்.

"என்னங்க, ரெண்டாவது நம்பர் என்ன? சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்."

"ஆறு மணிக்கு."

மூன்று மணிக்குத் தலை சுற்றுகிறது என்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னான். நாலு மணிக்கு அழுதாள், நிஜமாகவே அழுதாள். ஐந்து மணிக்கு, "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"ஆறு மணிக்கு நம்பரை வாங்கிட்டுப் போ" என்று வைத்துவிட்டான் அந்தக் கல்நெஞ்சக்காரன். அவள் சக்கரங்களைக் கரகரவென்று சுற்றிப் பார்த்தாள். அமுக்கத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை மூன்றாவது பெட்டிக்குப் போன் வந்தது. "ரெண்டு... ஏழு..." என்றான். வண்டி மலைக்குள் நுழைந்தது. போன் செத்தது. அரை மணி நேரம் ஆகியும் உயிர் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் டெய்லர் கையை நீட்டினார்.

"கொடும்மா, என்னன்னு பார்ப்போம்." வாங்கின வேகத்தில் அவர் கட்டைவிரல் விசையில் பட்டது.

"ஐயையோ, அமுக்காதீங்க!"

படக். மூடி திறந்துகொண்டது. சக்கரத்தில் இருந்தது இரண்டு, ஏழு, சைபர். அவள் மூடி, மூன்றையும் சைபருக்குத் திருப்பி அமுக்கினாள். திறந்தது. நாலாவதும் திறந்தது. ஐந்தாவதும். பூட்டுக்குள் இருக்கும் தகட்டையே கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சக்கரத்தை மாட்டிக் கொடுத்திருக்கிறான் மகராசன்.

"இதுக்காம்மா நேத்து பூரா அழுதீங்க?" டெய்லருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரட்டும், பூட்டுக்காரனுக்கு வைத்திருக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே மூன்றாவதைத் தின்று முடித்தாள். கை தன்பாட்டுக்கு நாலாவதுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. நேற்று முழுக்கத் திறந்த பெட்டிதானே மடியில் இருந்தது? பயத்தில்தான் தொடவில்லை, சரி. ஆனாலும் மூடிக்கொண்டிருந்த வாய் யாருடையது? அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மலை தாண்டியதும் போன் வந்தது. "நம்பர் முழுசா கேட்டுச்சா?" என்றான் பதறிப்போய். "கேட்டுச்சு, திறந்துட்டேன்" என்றாள் பச்சைப்பிள்ளை மாதிரி.

விடுதி அறையில் மதியத்தை ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பூட்டு இருந்தபோதாவது அவனைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது? மூடியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். ஒரு திராட்சையை எடுத்து வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப வைத்தாள். மாடியில் யாரது இப்படி நடப்பது என்று கீழே இருந்து சத்தம் போட்டார்கள். ஆறு மணிக்கு அவன் நம்பர் சொன்னான். மரியாதையாகச் சுற்றி, அமுக்கி, நாலாவதைச் சாப்பிட்டாள். படுக்கும்போது ஐந்தாவது பெட்டி முழுசாக இருந்தது.

காலையில் துறைமுக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சரியாக எட்டு மணிக்கு அவளே திறந்து சாப்பிட்டாள். பழம் பதமாகப் பழுத்திருந்தது. எட்டு ஐந்துக்குப் போன் அடித்தது.

"கடை திறக்க லேட்டாயிடுச்சு. எழுதிக்க. ஒம்பது, ஒண்ணு, மூணு."

அணில் காலிப் பெட்டியை மூடினாள். "திறக்கலையே."

"நல்லா அமுக்கு."

"அமுக்கிட்டேங்க. இறுகிடுச்சு போல."

"இறுகாதே! சரி... நாலு, நாலு, ரெண்டு."

"அதுவும் இல்ல. எனக்குக் கையெல்லாம் நடுங்குதுங்க."

"எட்டு, அஞ்சு... இரு, ஆறு, ஆறு..." அவன் குரலே உடைந்துவிட்டது. "அணிலு, அதுல பூட்டே இல்ல. உள்ள இருக்கற தகட்டை நான்தான் கழட்டிட்டேன். சும்மா அமுக்கும்மா, திறந்துக்கும். சாப்பிட்டுட்டுப் போ தாயே!"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நேத்து காலையிலேர்ந்தே தெரியும்."

 அவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப நேத்து ராத்திரிப் பெட்டி?"

"ஆறு மணிக்குத்தான் சாப்பிட்டேன். இதையும் எட்டு மணிக்குத்தான் தொட்டேன்."

"உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சே, அணிலு."

"எனக்கே இல்லையே! உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். "போனை வைங்க. என் பேரைக் கூப்பிடறாங்க."

ஏணியில் ஏறினாள். லீவரைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. கான்கிரீட் கட்டை மேலே எழும்பி, திரும்பி, அசையாமல் இறங்கி, தரையில் வரைந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தது. தேர்வாளர் குற்றம் கண்டுபிடிக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டார்.