முழுசாக இருந்த தயிர் டப்பா

“அந்த பஸ்காரன் இந்த வீட்டுப் படி ஏறட்டும், விஷத்தைக் கலக்கிக் குடுத்துத்தான் அனுப்புவேன்!”

“குடு, எனக்கும் சேர்த்துக் குடு! ஒரே டம்ளர்ல ஊத்து, கழுவுற வேலை மிச்சம்!”

“வாயைப் பாரு வாயை. யாரு கத்துக்குடுத்தா இதெல்லாம்?”

“யாரோட இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன்னு யோசிச்சுப் பாரு!”

மூன்றாம் மாடியில் நடந்த இந்தச் சண்டையைக் கேட்க யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. குழாய்கள் இறங்கும் சந்து வழியாக ஒவ்வொரு சொல்லும் கீழ்வீடு வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ், சொல் ஒன்றுகூடச் சிந்திவிடாதபடி தன் மிக்ஸியை நிறுத்திவிட்டே கேட்டாள் என்பது பிறகு தெரியவந்தது.

விஷம் கலக்குவதாகக் கத்தியவளுக்குக் கட்டிடத்தில் பல்லம்மா என்று பெயர். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். அவள் புருஷன் வீடுகளில் சுவருக்குப் பூப்போட்ட தாள் ஒட்டுகிறவர். வாயைத் திறக்காத மனிதர், வீட்டில் அதற்கு இடமும் இல்லை. ஒரே மகள். அந்த மகள் விரும்பியிருந்தது ஒரு பஸ் டிரைவரை. அவனுக்கு அவளைவிடப் பத்து வயசு கூட. ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி அறுந்தும் போயிருந்தது. பல்லம்மாவின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டதற்கு அது போதாதா?

விஷயம் என்னவென்றால் அந்த டிரைவர் அன்றைக்கே, இன்னும் சற்று நேரத்தில், ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து முகம் காட்டுவதாக இருந்தான். என்ன கொடுப்பது என்று பல்லம்மா காலையிலிருந்து கணக்குப் போட்டிருந்தாள். சாப்பாடு போட்டால் உறவு என்று அர்த்தமாகிவிடும். ஒன்றுமே தராவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. குடிக்கக் கொடுத்தால், குடித்ததும் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்? அப்படி முடிவானதுதான் ஸ்மூத்தி. அதுவும் அவளுக்கு மனப்பாடமான விஷயம். பல் பிடுங்கிக்கொண்டு வாயைப் பொத்தியபடி வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒப்பிப்பது: “இன்னைக்கு சூடு வேண்டாம், காரம் வேண்டாம். பழமும் தயிரும் போட்டு அடிச்சு சில்லுன்னு குடிங்க. ஸ்ட்ரா மட்டும் போடாதீங்க, ரத்தம் கசியும்.”

சண்டையை ஒரு கையால் நடத்திக்கொண்டே மறுகையால் வேலை பார்த்தாள். உறையவைத்த ஸ்ட்ராபெரி பாக்கெட்டின் வாயைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பாதியைக் கொட்டினாள். மீதிப் பாக்கெட்டைக் கட்ட எதையாவது தேடி, பிரிட்ஜ் கீழ்த்தட்டில் கைக்கு அகப்பட்ட ரப்பர் பேண்டை எடுத்துச் சுற்றினாள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு, தேன் ஒரு கரண்டி, நீல மூடி டப்பாவிலிருந்து தயிர். மிக்ஸி ஓடத் தொடங்கியதும் மகள் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டியதாயிற்று. “அவரு வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத, சொல்லிட்டேன்!” என்றுவிட்டு, பிஸ்கட்டாவது வாங்கி வருகிறேன் என்று படபடவென்று இறங்கிப் போனாள்.

அவள் கடைக்குப் போயிருந்தபோதே டிரைவர் வந்துவிட்டான். சீருடை, வழித்து வாரிய தலை. வாசலில் செருப்பைக் கழற்றியவன், “வணக்கம் அத்தை” என்றான்.

யாருக்கு யாரடா அத்தை என்று பல்லம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு டம்ளரை நீட்டினாள். ஸ்மூத்தி ரோஜா நிறத்தில், ஸ்பூன் நட்டால் நிற்கும் கெட்டியில், பார்க்க அழகாகவே இருந்தது. அவன் ஒரு வாய் குடித்தான். கண் சற்று விரிந்தது. அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். அவன் மீதியையும் குடித்தான். “நல்லா இருக்கு அத்தை” என்றான். சொன்ன வாய்க்குத் தண்டனைபோல இரண்டாவது டம்ளரும் வந்தது. அதையும் குடித்தான். புருஷனுக்குச் சர்க்கரை நோய், அவர் தொடவில்லை. மகள் பிஸ்கட்டோடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவனோடு கூடவே இறங்கி அவளும் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

“பரவாயில்ல, மரியாதை தெரிஞ்ச பையன்தான்” என்றார் புருஷன். அதற்கு அவள் பதில் தயார்செய்வதற்குள் பிரிட்ஜைத் திறந்தவர், “ஏம்மா, என் பசை டப்பா எங்க?” என்றார்.

“நான் எதுக்கு உங்க பசையைத் தொடறேன்? கீழ்த்தட்டுலதான் இருக்கும்.”

“இங்க ஒண்ணுதான் இருக்கு. அதுல தயிர் இருக்கு.”

பல்லம்மா வந்து பார்த்தாள். நீல மூடி டப்பா. உள்ளே தயிர், ஸ்பூன்கூடப் படாமல், ஆடை கலையாமல், முழுசாக.

காலியான தயிர் டப்பாவை அந்த வீட்டில் யாரும் எறிவதில்லை. கலக்கிய பசை மிஞ்சினால் அவர் அதில் போட்டுக் குளிரில் வைப்பார். மறுநாள் வேலைக்கு ஆகும். இதற்காக இருவருக்கும் வருஷக்கணக்கில் வாய்த்தகராறு. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள்: ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தால் அது பசை. அவள் பிரீசரைத் திறந்தாள். ஸ்ட்ராபெரி பாக்கெட்டின் கழுத்தில் அந்த ரப்பர் பேண்ட் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

“என்னங்க... அதுல என்ன கலப்பீங்க?”

“தாள்ல பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து இருக்கும். ஏன்?”

அவள் சொன்னாள். அவர் பசைத்தூள் பையை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பின்பக்கப் பொடியெழுத்தைப் படித்தார். “விழுங்கினால் உடனே மருத்துவரை...” என்றவர் மேலே படிக்கவில்லை.

டிரைவருக்குப் போன் போட்டாள். அணைத்துவைத்திருந்தான், ஓட்டும்போது வைத்திருக்க விடமாட்டார்கள். மகளைக் கூப்பிட எடுத்த விரல் பாதியில் நின்றது. காலையில் தான் கத்தியது நினைவுக்கு வந்தது. விஷத்தைக் கலக்கிக் குடுத்துத்தான் அனுப்புவேன். கட்டிடமே சாட்சி. அந்தப் பையனுக்கு ஒன்று என்றால் மகள் இந்த ஜென்மத்தில் அவளை அம்மா என்று கூப்பிடுவாளா?

படியிறங்கி நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு.

“அக்கா, சும்மா ஒரு சந்தேகம். கிளினிக்ல ஒரு பேஷண்ட் கேட்டாங்க. சுவத்துல தாள் ஒட்டுற பசையை யாராச்சும் தெரியாம குடிச்சிட்டா என்ன ஆகும்?”

நர்ஸ் அவளை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தாள். “எவ்வளவு குடிச்சாங்க, உங்க பேஷண்ட்?”

“ரெண்டு டம்ளர்.”

“அடிப்பாவி. நெஜமாவே குடுத்துட்டியா?”

“ஐயோ அக்கா, ஊரைக் கூட்டாதீங்க! ரப்பர் பேண்ட் மாறிப்போச்சு. என்ன ஆகும், அதைச் சொல்லுங்க.”

“வயிறு புரட்டும். தலை சுத்தலாம், மயக்கம் வரலாம். மருந்தைப் பொறுத்து என்ன வேணா ஆகலாம், என்கிட்ட நிக்காத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. முக்கியமா ஆளைத் தனியா விடாத. வண்டி கிண்டி ஓட்ட விட்டுடாத.”

பல்லம்மாவுக்கு அதுவரை அவன் ஒருவன் மட்டுமே கண்முன் நின்றான். இப்போது ஒரு பஸ் முழுக்க ஆட்கள் வந்து நின்றார்கள்.

அவன் ஓட்டும் பஸ் முக்குச் சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சனியன் எப்ப பார்த்தாலும் இந்தத் தெரு வழியாவே போகுதே என்று திட்டியிருக்கிறாள். வீட்டுச் செருப்போடு ஓடினாள். நிறுத்தத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் நேர்க்கோட்டில் வருகிறதா என்று பார்த்தாள். ஒன்று லேசாக ஒதுங்கி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அது குழிக்காக ஒதுங்கியது.

அவன் பஸ் வந்தது. கதவு திறந்தது.

“அத்தை! ஏறுங்க. உள்ள தள்ளிப் போங்க, ஆளு ஏறணும்.”

பின்னால் நின்றவர்கள் முதுகில் நெருக்க, அவள் ஏறினாள். சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே கூட்டம், மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை ஜன்னலில் மூக்கை ஒட்டி வைத்திருந்தது. பல்லம்மா டிரைவர் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கழுத்தையே பார்த்தாள். காலருக்கு மேல் வியர்வை பூத்திருந்தது. வெயிலா, பசையா? அவன் புறங்கையால் நெற்றியைத் துடைத்தான்.

“தலை சுத்துதா?” என்றாள்.

“என்னது?”

“தலை. சுத்துதா?”

“அத்தை, உங்க பொண்ணைப் பத்திப் பேசணும்னா ஷிப்ட் முடிஞ்சு நானே வரேன். இப்ப வேண்டாமே.”

“ஏம்மா,” என்றார் முன்சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த ஒருவர், “டிரைவரோட பேசாதீங்கன்னு எழுதிப் போட்டிருக்கு, கண்ணு தெரியலையா?”

பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே வெகுதூரத்தில் தண்ணீர். அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூச்சுவிட்டால்கூட அவன் கை ஆடிவிடும் என்பதுபோல, கம்பியைப் பிடித்தபடி மூச்சடக்கி நின்றாள். பாலம் இறங்கியதும் அடக்கியதெல்லாம் ஒன்றாக வெடித்தது.

“நிறுத்துப்பா! வண்டியை ஓரங்கட்டு! நான் குடுத்தது தயிர் இல்ல, பசை!”

பாதி பஸ் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

“என்ன பசை?” என்றார் காய்கறிப் பைக்காரர்.

“சுவத்துல தாள் ஒட்டுற பசை! மருந்து போட்டது!”

டிரைவர் பதறவில்லை. ஓரங்கட்டினான், பிரேக்கை இழுத்தான், எச்சரிக்கை விளக்கைப் போட்டான். அதன் பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்தான். திரும்பி அவளைப் பார்த்தான்.

“அதான் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சா? ஸ்மூத்தின்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்.”

“வாய்க்குப் பிடிக்கலைன்னா வச்சிட வேண்டியதுதானே? எதுக்குப்பா ரெண்டாவது டம்ளரையும் குடிச்ச?”

“நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்க அத்தை. பயமா இருந்துச்சு.”

டிப்போவுக்குப் போன் செய்தவன் வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னான். அவள் காதில் அது விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே பயணிகள் இறங்க, காய்கறிப் பைக்காரர் மட்டும் போகிறபோக்கில், “மருமகனுக்கு இப்படியும் ஒரு விருந்தா!” என்றுவிட்டுப் போனார். எப்போதும் எதையாவது திருப்பிக் கொடுக்கிற பல்லம்மா அதற்குள் சாலையில் இறங்கிவிட்டிருந்தாள். டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி அவனை உள்ளே தள்ளினாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவன் வாந்தி எடுத்தான். சிவப்பாக. பல்லம்மா, “ரத்தம், ரத்தம்!” என்று போட்ட கூப்பாட்டில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். குனிந்து பார்த்த வார்டு பெண், “ஸ்ட்ராபெரிம்மா, விதை தெரியுது பாருங்க” என்றாள். போனில் விஷயம் கேட்ட புருஷன் பசைத்தூள் பையோடு வந்து சேர்ந்தார். டாக்டர் அதை வாங்கிப் படித்து, யாருக்கோ போன் செய்து நீளமாகப் பேசி, சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பல்லம்மா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் அவன் இருமும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

அப்பா போன் செய்து மகளும் வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பல்லம்மாவை இன்னும் பயமுறுத்தியது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்:

“வேணும்னே பண்ணியா?”

ரப்பர் பேண்டையும் பாக்கெட்டையும் எப்படிச் சொன்னாலும் கதை கட்டுவதுபோலவே இருக்கும் என்று பல்லம்மாவுக்குத் தோன்றியது. “இல்லடி” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

“என் பஸ்ல ஏறி, ஊர் முன்னாடி அவங்களே சொன்னாங்க,” என்றான் டிரைவர், கட்டிலில் சாய்ந்தபடி. “வேணும்னு பண்றவங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு இருப்பாங்க. நீ தண்ணி எடு, நாக்கு இன்னும் ஒட்டுது.”

மகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சாயங்காலம் டாக்டர் வந்து இனி பயமில்லை, போகலாம் என்றபோது, நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாவின் தோளில் ஒரு கையை வைத்தாள். எடுக்கவும் இல்லை.

வேண்டாம் என்று சொல்ல அதன் பிறகு பல்லம்மாவுக்கு வாய் ஏது? மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் நடந்தது, பதிவு அலுவலகத்தில், ஆரவாரமில்லாமல். இருவரும் டிப்போவுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை வந்தால் பல்லம்மா தானும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு, முதல் வாயைத் தானே குடித்துக் காட்டுகிறாள். கீழ்வீட்டு நர்ஸ் அடுத்த வருஷம் மூத்த மகனோடு வேறு ஊருக்குக் குடிபோனாள். போகிற நாள்வரை பல்லம்மா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.